ஜன்னலா, லைட் பாக்ஸா, டேபிள் லேம்பா? கைவினைப் பொருளை வீட்டிலேயே படமெடுக்க எது சரிப்படும்

"லைட் பாக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா?" சுடுமண் நகை செய்கிறவர்கள், பட்டு நூல் வளையல் சுற்றுகிறவர்கள், குரோஷா பொம்மை பின்னுகிறவர்கள் என்று யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டாலும் அரூரிலிருந்து கேட்டாலும் இதே கேள்விதான். பொருளை உள்ளே வைத்துப் படமெடுக்கும், விளக்கு பொருத்திய மடக்குப் பெட்டியைத்தான் லைட் பாக்ஸ் என்கிறோம். பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் பொருள் மின்னுமா, மின்னாதா? உங்களுக்குக் கை ஓய்வது பகலிலா, ராத்திரியிலா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. எந்த போன், எந்த கேமரா என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும் பொருட்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புடவை, கூடை, பெரிய பொம்மை எல்லாம் வேறு கணக்கு.

## எதை வைத்து எடை போடுவது

நிறம். வாங்கினவர்கள் முதலில் குறை சொல்வது இதைத்தான். படத்தில் அரக்கு நிறம், கையில் வந்தது செங்கல் நிறம். புடவைக்குப் பொருத்தமாக வளையல் கேட்டவருக்கு அந்தச் சின்ன வித்தியாசம் போதும், பார்சல் திரும்பி வந்துவிடும். போக வர கூரியர் செலவு நம் தலையில்தான்.

மேற்பரப்பு. மண், நூல், ஓலை, பாலிஷ் போடாத மரம் இவையெல்லாம் மின்னாதவை. இவற்றின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் கைவேலை தெரியும். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்), வார்னிஷ் பூசிய மரம், கண்ணாடி, பித்தளை மணி இவை மின்னுபவை. எதிரே என்ன இருக்கிறதோ அதை அப்படியே திருப்பிக் காட்டும். எதிரே டியூப் லைட் இருந்தால் டியூப் லைட், உங்கள் சட்டை இருந்தால் சட்டை. ஒன்றுக்குச் சரிப்பட்டது இன்னொன்றுக்குச் சரிப்படாமல் போவது இதனால்தான்.

ஒரே சீர். போன மாதம் எடுத்த படமும் இந்த மாதம் எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரே கடைச் சரக்காகத் தெரிய வேண்டும்.

நேரம். ஓசூரில் ஷிப்ட் வேலை முடித்து வந்து ராத்திரி பத்து மணிக்கு ரெசின் ஊற்றுகிறவருக்கு ஜன்னல் வெளிச்சத்தின் பெருமையைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பணமும் இடமும். வாங்கும் விலையோடு முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் எடுத்து விரிக்க, மடக்கி வைக்க ஆகும் நேரமும் செலவுதான். அட்டவணையில் வராத செலவுகளைக் கீழே ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

| | ஜன்னல் | லைட் பாக்ஸ் | இரண்டு விளக்கு + வெள்ளைத் துணி | ஸ்டுடியோ |
|---|---|---|---|---|
| நிறம் | மிக நன்று, வேளைக்கு வேளை மாறும் | எல்இடியின் தரத்தைப் பொறுத்தது | நல்ல பல்பு போட்டால் நன்று | நன்று |
| மின்னாத பொருள் | முதல் தேர்வு | தட்டையாகத் தெரியும் | நன்று | நன்று |
| மின்னும் பொருள் | பரவாயில்லை | புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும் | முதல் தேர்வு | நன்று |
| ஒரே சீர் | குறைவு | அதிகம் | அதிகம் | ஒருமுறைக்கு ஒருமுறை மாறலாம் |
| ராத்திரி வேலை | முடியாது | முடியும் | முடியும் | பொருந்தாது |
| ஆரம்பச் செலவு | சார்ட் பேப்பர், தெர்மாகோல் மட்டும் | சில நூறு முதல் இரண்டாயிரம் வரை | ஏறக்குறைய இரண்டாயிரம் | படத்துக்கு இவ்வளவு என்று |

## ஜன்னல்

காசு ஆகாது என்பதற்காக இதை முதலில் வைக்கவில்லை. மின்னாத பொருளுக்கு இதைவிட நல்ல வெளிச்சத்தை ஐயாயிரம் ரூபாய் கொடுத்தாலும் வாங்குவது கஷ்டம். வெளிச்சம் வரும் இடம் பொருளைவிட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, நிழலின் ஓரம் அவ்வளவு மென்மையாகும். இரண்டங்குல ஜிமிக்கிக்கு மூன்றடி ஜன்னல் என்பது ராஜ உபசாரம்.

சுடுமண் ஜிமிக்கி ஒன்றை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஜன்னலைப் பார்த்த பாதி வெளுப்பாகவும் மறு பாதி மெல்ல இருட்டிக்கொண்டும் போகும். இரண்டும் சந்திக்கிற இடத்தில், ஊசியால் குத்தின ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு சின்ன நிழலோடு நிற்கும். குடையின் விளிம்பில் விரல் அழுத்தின பள்ளம், பெயின்ட் பிரஷ் போன தடம், சூளையில் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த ஓரம் எல்லாம் அந்த இடத்தில்தான் தெரியும். கையால் செய்தது என்று நாம் எழுதி நிரூபிக்க வேண்டியதை அந்த நிழலே சொல்லிவிடும். அதே ஜிமிக்கியை நேர் எதிரே ஃபிளாஷ் அடித்து எடுத்தால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்று நினைப்பார்கள்.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. மேஜையை ஜன்னலோரம் போடுங்கள். வெள்ளை சார்ட்டின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் மேஜை வரை வளைத்து விடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அதைக் கிட்டே நகர்த்தினால் நிழல் கரையும், தள்ளி வைத்தால் அழுத்தமாகும். அறையின் டியூப் லைட்டைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இரண்டு வித வெளிச்சம் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம், அதை எந்த ஆப்பிலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. ஜன்னலை ரொம்பவும் ஒட்டினால் வெளிச்சம் சட்டென்று குறைந்துகொண்டே போகும். ஆறு வளையலை வரிசையாக வைத்தால் முதல் வளையல் வெளுத்தும் கடைசி வளையல் மங்கியும் தெரிவது அதனால்தான். செட்டாக எடுக்கும்போது இரண்டு மூன்றடி தள்ளி வையுங்கள், வித்தியாசம் குறையும்.

எந்த ஜன்னல்? "வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, அதுதான் சிறந்தது" என்று புகைப்படப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் சரி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே 12 டிகிரி, 13 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு நடுவில் இருக்கின்றன. சித்திரை பாதியிலிருந்து ஆவணி பிறக்கும் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் அடிக்கத்தான் செய்யும். ஆகவே நம் ஊருக்கு நான் சொல்லும் விதி வேறு: கிழக்கு ஜன்னல் என்றால் பிற்பகல், மேற்கு ஜன்னல் என்றால் முற்பகல். வருஷம் பூராவும் இது செல்லும். வேறு வழியில்லாமல் வெயில் விழும் ஜன்னல்தான் கிடைத்தது என்றால், கம்பியில் டிரேசிங் பேப்பரை ஒட்டிவிடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது, எதிர் வீட்டுச் சுவர். நம் தெருக்களில் பச்சை, ஊதா, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் பெயின்ட் அடிப்பது வழக்கம். எதிர்ச் சுவர் கிளிப்பச்சையாக இருந்து அதில் வெயில் பட்டால், உங்கள் ஜன்னல் வழியாக வருவதும் பச்சை வெளிச்சம்தான். கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், போன் சரிக்கட்டாது. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாள் வைத்து முதல் படத்தை எடுத்துக்கொண்டால், பிறகு எடிட் செய்யும்போது அந்தத் தாளை அளவுகோலாக வைத்து நிறத்தைத் திருப்பலாம்.

இரண்டாவது, ஐப்பசி. தீபாவளி ஆர்டர் குவிவதும் அப்போதுதான், வானம் மூட்டம் போடுவதும் அப்போதுதான். மேகமூட்டமான வெளிச்சம் உண்மையில் அழகானது, மின்னும் பொருளுக்குக் கூட நல்லது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்த சிவப்பும் மதியம் எடுத்த சிவப்பும் அக்கா தங்கை போலக்கூட இருக்காது. மூன்றாவது, அமேசான் போன்ற தளங்கள். அங்கே முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், படத்தின் பரப்பில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும். ஜன்னலோரத்தில் வெள்ளை சார்ட் ஒரு பக்கம் சாம்பல் நிறமாகத்தான் விழும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னணியை வெட்ட உட்கார வேண்டும்.

சுடுமண், குரோஷா, ஈச்ச ஓலை, மரப் பொம்மை செய்கிறவர்கள், பகலில் ஒரு மணி நேரமாவது வீட்டில் இருப்பவர்கள், இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பவர்கள் வேறெதையும் தேட வேண்டாம். பணத்தை மண்ணுக்கும் நூலுக்கும் செலவழியுங்கள்.

"மொட்டை மாடியில் எடுக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் எடுக்கலாம், ஆனால் அங்கே பொருளின் மேல் விழுவது நீல வானத்தின் வெளிச்சம். படம் நீலம் பாயும். காற்று அடித்தால் சார்ட் பறக்கும். மாடியைவிடத் திண்ணை எவ்வளவோ மேல்.

## லைட் பாக்ஸ்

மடக்கு வெள்ளைப் பெட்டி, மேல் விளிம்பில் எல்இடி பட்டை, யுஎஸ்பி ஒயர், நாலைந்து நிறத்தில் பின்னணி ஷீட். ஆன்லைனில் ஐநூறு ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கும் சின்ன பெட்டியில் மோதிரமும் கம்மலும் எடுக்கலாம். அதற்கு மேல் எதையும் வைத்தால் பெட்டியின் சுவரும் படத்தில் வந்துவிடும். பெட்டியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் பொருள் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். அப்படிப் பார்த்தால் வளையல் செட்டுக்கு 40 சென்டிமீட்டர் பெட்டிதான் சரி. அதன் விலை ஆயிரத்தைத் தாண்டும்.

இதன் பலம் சீர்தான். இன்றைக்கு எடுத்தாலும் அடுத்த மாதம் எடுத்தாலும் படம் ஒரே மாதிரி வரும். நடுராத்திரி எடுக்கலாம், கரண்ட் போனால் பவர் பேங்கில் எடுக்கலாம். வெள்ளைப் பின்னணி அதிகம் எடிட் செய்யாமலே கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் போன் அதைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். திரையில் பொருளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள்.

பலவீனம் என்று பார்த்தால், வெளிச்சம் நாலா பக்கமும் பட்டுத் திரும்புவதால் நிழலே இருக்காது. மேலே சொன்ன ஜிமிக்கியின் ஊசிப் புள்ளிகள் இங்கே காணாமல் போகும். இரண்டு எல்இடி பட்டை இருந்தால் ஒன்றைத் துணியால் மூடிவிட்டு, ஒரு பக்கச் சுவரில் கறுப்பு சார்ட் நிறுத்தினால் ஓரளவு உருவம் திரும்பும். வெளிச்சம் உச்சியிலிருந்து மட்டும் வருகிற பெட்டி என்றால் பொம்மையின் தலை வெளுத்து முகம் இருட்டாகும். தரையில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள்.

வெள்ளைப் பொருளுக்கு இது இன்னும் மோசம். தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் இந்தப் பக்கம் கூட்டில் பூவும் மாலையும் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. பட்டுக்கூட்டு மாலையை வெள்ளைப் பெட்டியில் வைத்தால் பாதி மாலை பின்னணியோடு கரைந்துவிடும். கறுத்த பின்னணி வேண்டும், அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கிரானைட் அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்ட கறுப்புத் துண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாலிஷ் பக்கம் கூரையையும் உங்கள் முகத்தையும் காட்டும், வேண்டாம். திருப்பிப் போட்டால் அறுத்த பக்கம் மினுக்கம் இல்லாத அடர் சாம்பலாக இருக்கும். பட்டுக்கூடு அதன்மேல் எடுப்பாக நிற்கும். கடையில் விற்கும் எந்த ஷீட்டையும்விட அது நல்ல பின்னணி என்பது என் கட்சி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது எல்இடியின் தரம். சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு அது, 100 உச்சம். சாதாரண வீட்டு எல்இடி பல்பு பெரும்பாலும் 80 பக்கம் இருக்கும். படமெடுக்க 90க்கு மேல் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எண் வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி அளவு. மலிவுப் பெட்டிகளில் குங்குமச் சிவப்பும் அரக்கும் செம்மண் நிறமும் ஒரு மாதிரி பழுப்பாகப் போவது இதனால்தான். விவரத்தில் சிஆர்ஐ எண்ணே இல்லாத பெட்டியென்றால், சிவப்பு அதிகம் புழங்கும் சுடுமண் நகைக்காரர்கள் அதைத் தொட வேண்டாம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இன்னொரு வம்பு. பல பெட்டிகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். படத்தில் குறுக்கே கோடு கோடாக விழும். முழு வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி ஷீட் ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது, சுருட்டி வையுங்கள்.

வாரா வாரம் பத்து இருபது புது டிசைன் போடுகிறவர், கம்மல், நூல் வளையல், குயிலிங் (காகிதச் சுருள் வேலை) போன்ற சின்ன சாமான், ஆன்லைன் தளத்தில் வெள்ளைப் பின்னணி கட்டாயம், ராத்திரிதான் நேரம்: இவருக்கு லைட் பாக்ஸ் சரி. மாதம் இரண்டு பொம்மை செய்கிறவருக்குப் பரண்மேல் தூசி சேர்க்க ஒரு சாமான் கூடும், அவ்வளவுதான்.

## இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைத் துணி

மின்னும் பொருள் செய்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கொஞ்சம் கைவேலை கேட்கும்.

லம்பாடி எம்பிராய்டரியையே எடுத்துக்கொள்வோம். அரூர் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிச் சமூகப் பெண்கள் போடும் தையல் வெளியூர் வரை பேர் பெற்றது. அந்த மரபில் கண்ணாடிச் சில்லு வைத்துத் தைப்பதும் உண்டு. அப்படிக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன பர்ஸை லைட் பாக்ஸில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சில்லுக்குள்ளும் எல்இடி பட்டையின் மணிகள் வரிசையாகத் தெரியும். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், அதுதான் உங்கள் போன். சில்லைச் சுற்றிச் சுற்றிப் போட்ட நூல் தையலைக் கண் தேடவே தேடாது, அந்தப் புள்ளிகளிலேயே போய் மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும். ஆகவே அது பார்ப்பதற்கு ஒரு பெரிய வெள்ளைப் பரப்பைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாற்காலி முதுகுக்கு நடுவே ஒற்றை மடிப்பு வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டுங்கள். அதற்குப் பின்னால் ஒன்றரை அடி தள்ளி விளக்கை வைத்தால், துணி முழுக்க ஒரே சீராக வெளிச்சம் ஏறும். விளக்கைத் துணியோடு ஒட்டினால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் எரியும், பிரயோஜனமில்லை. துணியை நோக்கிப் பர்ஸைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, போனைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் சில்லுகள் வெள்ளையாக நிறையும், போன் தெரியாது. எல்லாச் சில்லும் முழு வெள்ளையானால் கண்ணாடி என்றே தெரியாது என்பது வேறு விஷயம். துணியின் ஒரு ஓரத்தில் கறுப்பு சார்ட் பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு சில்லிலும் ஒரு கறுப்புக் கீற்று விழும், அதோடு கண்ணாடி கண்ணாடியாகிவிடும். ரெசின் கீ செயினுக்கும் வார்னிஷ் போட்ட மரச் செப்புச் சாமானுக்கும் இதே வித்தைதான்.

இரண்டாவது விளக்கு எதிர்ப் பக்கம், இன்னும் தள்ளி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், ஆகவே வாட் மாற்றாமல் தள்ளி வைத்தே குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது விளக்குக்குப் பதில் தெர்மாகோல் அட்டையே போதும் என்று தோன்றினால் அதுவும் சரிதான், ஒரு விளக்கு மிச்சம்.

கிளிப் மாட்டும் டேபிள் லேம்ப் இரண்டும், 90க்கு மேல் சிஆர்ஐ போட்ட ஒரே கம்பெனி எல்இடி பல்பு இரண்டும் இருந்தால் போதும். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று காட்டும் கெல்வின் எண் பல்பு அட்டைப்பெட்டியில் இருக்கும், அது இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று 6500, இன்னொன்று 3000 என்று கலந்தால் ஜன்னலும் டியூப் லைட்டும் கலந்த கதைதான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான பல்பு வினாடிக்கு 100 முறை மங்கித் துடிக்கும். கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு: பல்பை எரியவிட்டு, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். துடித்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், போனின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று வையுங்கள், கோடு விழாது. துணிக்குப் பக்கத்தில் பழைய ஹாலஜன் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

வேட்டியைப் பற்றி ஒன்று. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வெளிச்சத்தையும் நீலமாக்கும். நீலம் போடாத துணி அல்லது டிரேசிங் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு இடம்தான். ஆறடிக்கு நாலடி இடத்தை அரை மணி நேரம் யாரும் நடக்காமல் காக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒயரும் ஸ்டாண்டும் பெரிய தலைவலி. ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்றால் ஒரே மாதத்தில் சலித்துப் போகும். அவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்து மொத்தமாக எடுத்துவிடுவதே மேல்.

## ஸ்டுடியோவில் கொடுப்பது

கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுனில் உள்ள ஸ்டுடியோக்களுக்குக் கல்யாணம்தான் பெரிய வேலை. முகூர்த்த மாதத்தில் உங்கள் கம்மலுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் போனால் பொறுமையாக எடுத்துக் கொடுப்பார்கள், பேரமும் பேசலாம். படத்துக்கு இவ்வளவு என்று பேசும்போதே எத்தனை கோணம், எடிட் சேர்த்தா, முழு அளவு ஃபைல் கொடுப்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்று 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஃபைலைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

ஒரே டிசைனை வருஷம் முழுக்க விற்பவருக்கு இது லாபம். ஒருமுறை எடுத்த படம் நூறு ஆர்டருக்கு வரும். கண்காட்சிக்கு பேனர், கேட்லாக் அடிக்க வேண்டும் என்றாலும் இதுவே சரி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு உருப்படியாகச் செய்கிறவருக்குக் கட்டாது. முந்நூறு ரூபாய்க் கம்மலின் லாபத்தை படமே தின்றுவிடும். பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் சுடுமண் நகையைத் தூக்கிக்கொண்டு வந்து போவதில் ஒன்றிரண்டு உடைவதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

## கேமரா வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வெளிச்சம் சரியாக இருந்தால் இப்போது கையில் இருக்கும் நடுத்தர விலை போனே போதும். மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனின் பிரதான கேமரா அகலக் கோணம் கொண்டது. ஜிமிக்கியை முட்டுவதுபோல் கிட்டே போனால் முன்பக்கம் உப்பி, பின்பக்கம் சிறுத்துத் தெரியும். ஒன்று, ஒன்றரை அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். "மேக்ரோ" என்று போட்டு 2 மெகாபிக்சலில் தனியாக ஒரு கேமரா கொடுத்திருப்பார்கள். அதைத் திறக்கவே வேண்டாம், பிரதான கேமராவில் எடுத்து வெட்டியதே தெளிவாக இருக்கும். மூன்றாவது, போனை எதன்மேலாவது சாத்தி வைத்து இரண்டு வினாடி டைமர் போடுங்கள். முக்காலி இல்லாவிட்டால் அரிசிப் பை போதும். அழகு கூட்டும் மோடு, ஏஐ மோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், அவைதான் சிவப்பை இன்னும் சிவப்பாக்கிப் பார்சலைத் திரும்ப வரவழைக்கும்.

கண்ணாடி மணி, வார்னிஷ் போன்றவற்றுக்கு போனில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் சிலர் விற்கிறார்கள். வார்னிஷ், ரெசின், கண்ணாடியின் மினுக்கத்தை அது குறைக்கும். பித்தளை, வெள்ளி போன்ற உலோகத்தில் அது பலிக்காது. உலோக நகை செய்கிறவர்கள் அந்தக் காசில் இன்னொரு வேட்டி வாங்கலாம்.

மொத்த வியாபாரிக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு படத்திலாவது பொருளுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்துவிடுங்கள், "சின்னதா இருக்குமா, பெரிசா இருக்குமா" என்று கேட்டு வரும் போன் பாதி குறையும்.